பெருமாள் தாண்டியதும் மாறும் முகவரி

அந்த வைகாசியில் கருட சேவை அன்று ஊரே பெருமாளைப் பார்க்கக் காத்திருந்தது. நானும் காத்திருந்தேன். ஆனால் அவர் எப்போது வருவார் என்று அல்ல, எப்போது போவார் என்று.

யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். விஷயத்தைச் சொன்னால் உங்களுக்கே புரியும்.

கடைத்தெருவில் ஒரு பட்டுக்கடை. அதன் மாடியில் அலுவலகம். ஜன்னலை ஒட்டி ஒரு ஸ்டூலில் மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். கரண்டு போய் ரொம்ப நேரம் ஆகியிருந்தது. பெரிய குடைகள் ஒயரில் மாட்டக்கூடாது என்று, சாமி வருகிற தெருவில் கரண்டை நிறுத்திவிடுவார்கள். மின்விசிறி ஓடாத அறையில் புதுப் பட்டின் கஞ்சி வாசனை கெட்டியாக நின்றது. கீழே நாதஸ்வரம், நீர்மோர்ப் பந்தல், துளசியும் வியர்வையும் கலந்த கூட்டம். பில் போடும் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து இன்னொரு ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் குடை தெரிந்தது. அப்புறம் கருடனின் இறக்கை. தெரு முழுக்க ஒரே குரலாகக் கோஷம் எழுந்தது.

முதலாளி தாமோதரன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். போட்ட கையை இறக்காமலே என் பக்கம் திரும்பினார்.

"பாய், இன்னா சொல்லுது உங்க கம்ப்யூட்டரு?"

"கரண்டே வரலியே முதலாளி. வந்தாதான சொல்லும்."

"வரட்டும். இன்னிக்கும் நிக்கும் பாருங்க. மாசியில அம்மனுக்கு நின்னுது. பங்குனியில ஏகாம்பரநாதருக்கு நின்னுது. இவரு மட்டும் வுட்டுடுவாரா?"

சாமி புறப்பட்டால் நெட் நிற்கும்

அதுதான் அந்தக் கடையின் வியாதி. அந்த வருஷம் பொங்கலுக்குப் பிறகு, எந்தச் சாமி அந்தத் தெருவில் போனாலும், போன கையோடு கடையின் கம்ப்யூட்டர்களில் பாதி படுத்துவிடும். பில் வராது. கல்யாணப் புடவை எடுத்த குடும்பம் மொத்தமும் கையில் பையோடு நின்றுகொண்டிருக்கும். பெண்வீட்டாரும் பிள்ளைவீட்டாரும் சும்மா நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பழைய பேச்செல்லாம் கிளம்பிவிடும்.

முதலாளி என்னைக் கூப்பிடுவார். நான் போவதற்குள் யாராவது எல்லாவற்றையும் அணைத்துப் போட்டிருப்பார்கள். சரியாகியிருக்கும். நான் திருதிருவென்று முழித்துவிட்டு டீ குடித்துவிட்டு வருவேன். ஒவ்வொரு முறையும் இதே கதை.

கண் திருஷ்டி என்று முடிவு செய்து, முதலாளி வாசலில் பூசணிக்காய் உடைத்தார். அடுத்த புறப்பாட்டுக்கும் நின்றது. இன்னும் பெரிய பூசணிக்காயாக உடைத்தார். கடைசியில் என்னிடம் சொல்லிவிட்டார்: "கருட சேவைக்கும் நின்னுதுன்னா நான் மெட்ராஸ் கம்பெனிக்காரன கூப்ட்டுக்குவேன் பாய். தப்பா நெனச்சுக்காதீங்க."

தப்பாகத்தான் நினைத்தேன். அந்தக் கடைக்கு முதல் கேபிளை இழுத்தவர்கள் நானும் என் கூட்டாளி சம்பத்தும். எங்கள் வீட்டில் தலைமுறையாகச் சரிகை வியாபாரம். நான் கம்ப்யூட்டர் ஒயர் இழுக்கப் போகிறேன் என்றபோது அத்தா கையிலிருந்த சரிகைச் சுருளைக் கீழே வைத்தார். பிறகு, "சரிகையும் கம்பிதான், இதுவும் கம்பிதான். போ," என்றார். அப்படி ஆசி வாங்கிப் போய் முதலில் கம்பி இழுத்த இடத்தில் இன்னொருவனை விட மனசு வருமா?

அதனால்தான் அன்று காலையிலேயே போய் உட்கார்ந்துவிட்டேன். வியாதி வரும்போது பக்கத்திலேயே இருந்து கையைப் பிடித்துப் பார்த்துவிடுவது என்று.

பந்தியில் இரண்டு பேர்

போன வாரம் இந்தத் தொடரைப் படித்துவிட்டு ஒரு வாசகி எழுதியிருந்தார்: 'ஐபி முகவரி, ஐபி முகவரி என்கிறீர்களே, அது என்ன, வீட்டு முகவரி போலவா?' கேட்டது நல்லதாகப் போயிற்று. இந்த வாரம் அது தெரியாமல் கதை நகராது.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழைகிறவர்களுக்கு எந்த இலை என்று தெரியாது. வாசலில் பெண்வீட்டுக்காரர் ஒருவர் நின்று, "நீங்க இங்க உக்காருங்க, நீங்க அங்க," என்று காட்டுவார். உட்கார்ந்தால் சாப்பாடு தானாக வரும். ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டர்கள் உயிர் பெறும்போதும் இதேதான். "எனக்கு எங்க இடம்?" என்று ஒவ்வொன்றும் பொதுவாகக் குரல் கொடுக்கும். ரவுட்டர் என்கிற பெட்டி அதற்கு ஒரு எண்ணைத் தரும். அந்த எண்தான் முகவரி. நாம் கைவைக்க வேண்டியதே இல்லை, தானாக நடக்கும்.

வாசலில் இரண்டு பேர் நின்று இடம் காட்டினால்? இரண்டாவது ஆள் வேறு மண்டபத்துக்காரராக இருந்தால்? முதலில் யார் கூப்பிடுகிறாரோ அவர் பின்னால்தான் விருந்தாளி போவார். போய், சோறு வராத இலையில் உட்கார்ந்திருப்பார்.

எனக்கு அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் அந்த இரண்டாவது ஆள் யார், எங்கே நிற்கிறார் என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்து அந்தக் கடையில் ஒரே ஒரு ரவுட்டர்தான்.

பெருமாள் தெருக்கோடி திரும்பினார். கரண்டு வந்தது. மின்விசிறி ஒரு சுற்று முனகிவிட்டு ஓட ஆரம்பித்தது. எல்லாக் கம்ப்யூட்டர்களும் ஒன்றாக விழித்துக்கொண்டன. கீழே பில் போடும் இடத்துக்கு இறங்கிப் போயிருந்த ஒரு பெண் கத்தினாள்: "போச்சுங்க முதலாளி, வர்ல!"

வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் குரல் எனக்கு இனித்தது. ஓடிப் போய் அவள் கம்ப்யூட்டரில் பார்த்தேன். நாங்கள் அந்தக் கடைக்குக் கொடுத்த முகவரிகள் எல்லாம் பத்தில் தொடங்கும். அவளுக்கு வந்திருந்தது நூற்றுத் தொண்ணூற்று இரண்டில் தொடங்கியது. வீட்டுக்கு வாங்கி வைக்கிற சின்ன வைஃபை பெட்டிகள் தருகிற முகவரி.

சாமி புறப்பாட்டோடு இதற்கு இருந்த உறவும் அப்போதுதான் விளங்கியது. சாதாரணமாகக் கரண்டு போனால் பெரிய ரவுட்டரை யூபிஎஸ் தாங்கிப் பிடித்துவிடும், கேட்கிறவர்களுக்கு அதுவே முந்திக்கொண்டு இடம் காட்டிவிடும். சாமிக்காக நிறுத்தினால் ரொம்ப நேரம் ஆகும், யூபிஎஸ் உயிரை விட்டுவிடும். கரண்டு திரும்பியதும் பெரியது சோம்பல் முறித்து எழ நேரமாகும். சின்னது சட்டென்று எழுந்து, கேட்டவர்களுக்கெல்லாம் இடம் கொடுத்துவிடும். பாவம், சாமிகள் மேல் பழி.

"எவனாச்சும் எதையாச்சும் கொண்டாந்து சொருகி வச்சிருப்பான்," என்றார் முதலாளி. "கண்டுபுடிச்சு புடுங்கி குப்பையில போடுங்க பாய்."

"அதுதான் முதலாளி செய்யப்போறேன்," என்றேன். என் தொழிலில் அதுதான் முறை. பேர் தெரியாத பெட்டி கண்ணில் பட்டால் முதல் வேலை அதைப் பிடுங்குவது.

போனை எடுத்து, பக்கத்தில் என்னென்ன வைஃபை தெரிகிறது என்று பார்த்தேன். கடையின் பெயர் இருந்தது. எதிர்க்கடை, பக்கத்து லாட்ஜ். அவற்றுக்குக் கீழே, ஆங்கில எழுத்தில் தமிழாக, இன்னொன்று.

'கோதை சாப்டியா.'

நான் அப்படியே பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அவன் கேட்கிற கேள்வி

சம்பத் சின்ன காஞ்சிபுரத்துக்காரன். நானும் அவனும் ஒரே ஸ்கூட்டரில் இந்த ஊரின் அலுவலகங்களையெல்லாம் சுற்றியவர்கள். நான் ஓட்டுவேன். அவன் பின்னால் கேபிள் கட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு, பூணூல் மாதிரி இருக்கிறதா என்று கேட்பான். ஏணி ஏறுவது அவன், கீழே நின்று திட்டுவது நான்.

யாருக்குப் போன் செய்தாலும் அவனுக்கு முதல் வார்த்தை ஒன்றுதான். "கரீமு, சாப்டியாடா?" அதற்குப் பதில் வந்த பிறகுதான், ஒரு பேங்கே இருட்டில் நிற்கிறது என்கிற சேதியைச் சொல்வான். வாடிக்கையாளர்களையும் கேட்பான். ஒருமுறை பெரிய அதிகாரி ஒருவரைக் கேட்டுவிட, அவர் தன் வயிற்று அல்சர் கதையை ஆரம்பிக்க, நாங்கள் வேலையை விட்டுவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

கொரோனாவின் இரண்டாவது அலை அவனைக் கொண்டுபோயிற்று. பிளாஸ்டிக்கில் சுற்றியவனை நான் தூரத்தில் நின்று பார்த்தேன். அதைப் பற்றி இந்தத் தொடரில் எழுதமாட்டேன் என்று முன்பே சொல்லியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அவன் முகம் எனக்கு மறக்கவில்லை. குரல்தான் மெல்ல மெல்ல நழுவிக்கொண்டிருக்கிறது. மத்தியான வேளையில் போன் அடித்தால், பேர் பார்க்காமல் காதில் வைத்துவிட்டு ஒரு நொடி சும்மா இருப்பேன். இன்றும் அப்படித்தான். அந்தக் கேள்விக்காக ஏங்குகிறேன், வேறொன்றுமில்லை.

கோதை அவன் மனைவி. அந்தப் பட்டுக்கடையிலேயே கணக்கு எழுதுகிறாள். அவன் இருந்த காலத்திலிருந்தே அங்கேதான் வேலை. ஸ்டாக் ரூமுக்குப் பின்னால், தடிச் சுவர்களுக்கு நடுவே அவளுடைய சின்ன அறை. போனில் சிக்னல் எடுக்காது. அவன் கேட்கிற கேள்வி அவளுக்குப் போய்ச் சேராது. என்ன செய்திருப்பான் என்று எனக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. என்னிடம்கூடச் சொல்லாமல் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்து, கேள்வியையே அதற்குப் பெயராக வைத்துவிட்டான்.

அதைப் பிடுங்கிக் குப்பையில் போடச் சொல்லியிருக்கிறார் முதலாளி.

மஞ்சள் ஓட்டை

கோதை அறையில்தான் இருந்தாள். பெருமாளைப் பார்த்துவிட்டு வந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். அவள் பார்வை என் முகத்திலிருந்து நேராகப் பரண் பக்கம் போய்த் திரும்பியது. புடவை அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு பச்சை விளக்கு துடித்துக்கொண்டிருந்தது.

"கண்டுபுடிச்சிட்டீங்களாண்ணா," என்றாள்.

"பொங்கலுக்கு முன்ன இங்க பெயிண்ட் அடிச்சாங்க இல்ல? அதுக்கப்புறம் இத யாரும்மா திரும்ப மாட்னது?"

"நான்தாண்ணா. பெயிண்டருங்க எல்லா ஒயரையும் புடுங்கி மூட்டையா கட்டி வச்சிட்டாங்க. உங்களக் கூப்ட்டா, இது எதுக்கு இங்கன்னு எடுத்துக்கினு போய்டுவீங்களோன்னு பயம். நானே மாட்டிட்டேன். அஞ்சு ஓட்டை இருக்குது, எதுன்னு தெரில. ஒண்ணுல சேர்ந்துச்சு. லைட்டு வந்துது, பேரு வந்துது. எனக்கு அவ்ளோதாண்ணா வேணும்."

நான் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். அந்தப் பெட்டியில் ஒரு நீல ஓட்டை, மற்றதெல்லாம் மஞ்சள். அலுவலகத்திலிருந்து வரும் கேபிள் நீலத்தில் இருக்கவேண்டும். சம்பத் அப்படித்தான் வைத்திருப்பான், அவனுக்குத் தெரியாதா? நீலத்தில் இருந்தால் பெட்டி வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளும், தன் பாட்டுக்கு இருக்கும். மஞ்சளில் இருந்தால் வந்த வீட்டிலேயே நின்று எல்லோருக்கும் இலை காட்ட ஆரம்பித்துவிடும். கோதை மாட்டியிருந்தது மஞ்சளில்.

சொன்னேன். அவள் விரல் மடக்கி எண்ணினாள்.

"அப்ப அம்மன் புறப்பாட்டுக்கு நின்னது என்னாலயாண்ணா?"

"ம்."

"ஏகாம்பரநாதருக்கும்?"

"அதுவும்தாம்மா."

"ஐயோ, முதலாளி பூசணிக்கா ஒடச்சாரே," என்றாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரித்துக்கொண்டிருந்தவள், நான் கேபிளில் கைவைத்ததும் நிறுத்திவிட்டாள்.

"எடுத்துடாதீங்கண்ணா. காலையில வந்து உக்காந்து போன பாப்பேன். அந்தப் பேரு வந்து நிக்கும். அப்புறம்தான் கணக்க எடுப்பேன். அது இல்லன்னா நான் எதுக்கு இங்க வரணும்?"

எனக்கும் அதை எடுக்க மனசில்லை.  மஞ்சளிலிருந்து கேபிளைக் கழற்றினேன். நீலத்தில் அழுத்தினேன். 'க்ளிக்' என்றது. பச்சை விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது.

"இருக்கட்டும்மா. அது பாட்டுக்கு இருக்கும், யாரையும் ஒண்ணும் பண்ணாது."

மெயினை இறக்கி ஏற்றியது

முதலாளி லேசில் நம்புகிற ஆள் இல்லை. நிரூபிக்கச் சொன்னார். இன்னொரு பெருமாளுக்கு எங்கே போவது? யூபிஎஸ்ஸையும் சேர்த்து மெயினையே இறக்கினோம். கொஞ்ச நேரம் இருட்டில் நின்றோம். மறுபடி ஏற்றினோம். பில் போடும் பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தார்கள். பெரிய ரவுட்டர் ஆற அமர எழுந்தது. எல்லாக் கம்ப்யூட்டர்களும் அதற்காகக் காத்திருந்து, பத்தில் தொடங்கும் முகவரியை வாங்கிக்கொண்டன. பில் மெஷின் நாக்கை நீட்டியது.

"அவ்ளோதானா?" என்றார் முதலாளி. ஏமாந்துபோன குரல்.

"அவ்ளோதான் முதலாளி. ஒரு கேபிளு ஓட்டை மாறி இருந்துது. பெயிண்ட் அடிக்கும்போது மாறிப்போயிருக்குது."

பொய் இல்லை. ஆனால் கோதை படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தாள். இறங்கி வந்தாள்.

"மாத்தி மாட்னது நான்தாங்க முதலாளி. அந்தப் பொட்டி எங்க ஊட்டுக்காரரு வச்சது. நீங்க எடுக்கச் சொன்னா எடுத்துடறேன்."

 முதலாளி சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

"இதுவா? 'கோதை சாப்டியா'? எனக்கும் தெனம் காட்டுதும்மா. நம்ம பொண்ணுங்கதான் எதோ வெளையாட்டுக்குப் போட்டுக்கினு இருக்காங்கன்னு நெனச்சேன்." போனை உள்ளே வைத்தார். "சம்பத்து வச்சதா. இருக்கட்டும், இருக்கட்டும். எங்க ஊட்ல கூட என்ன இப்பிடி யாரும் கேக்கறதில்ல."

அவரைப் பற்றி இதற்கு முன் ஓரிரு அத்தியாயங்களில் கொஞ்சம் கடுமையாக எழுதியிருக்கிறேன். இதையும் எழுதிவிடுவதுதான் நியாயம்.

பூட்டு

பையை எடுக்க மாடிக்குப் போனபோது கோதை தன் அறைக்குக் கூப்பிட்டாள்.

"அண்ணா, இன்னும் ஒண்ணு இருக்குது. கேட்டா சிரிப்பீங்க."

போனை நீட்டினாள். அந்தப் பெயர் இருந்தது. பக்கத்தில் ஒரு பூட்டு.

"பழைய போனு போன வருஷமே தண்ணித் தொட்டியில வுழுந்துடுச்சு. அதுல அவரே எல்லாம் போட்டுக் குடுத்திருந்தாரு. இது புதுசு. பேரு காட்டுது, ஆனா உள்ள வுட மாட்டேங்குது. பாஸ்வேர்டு எனக்குச் சொல்லவே இல்லண்ணா. கேக்கணும்னு நான் நெனச்சதும் இல்ல."

ஒரு வருஷத்துக்கு மேலாக அவள் அந்தப் பூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு ஆற்றாமையாக வந்தது. இதற்கு ஒரு போன் செய்திருந்தால் வந்திருக்கமாட்டேனா? வந்து என்ன செய்திருப்பேன் என்பது வேறு விஷயம்.

எங்கள் பழைய கடையின் போன் நம்பரை அடித்துப் பார்த்தேன். தவறு என்றது. ஸ்கூட்டர் நம்பர். தவறு. அவர்கள் கல்யாண நாள். தவறு.

"ஊசியால பின்னாடி அழுத்துனா பழசெல்லாம் அழிஞ்சிடும்மா. நான் இதே பேர புதுசா போட்டுத் தரேன். போனுக்கு வித்தியாசமே தெரியாது."

அவள் பெட்டியைப் பார்த்தாள். "வேணாம்ணா. அப்ப அது நீங்க கேட்ட மாதிரி ஆயிடும்."

சரிதான். நான் கேட்டு என்ன ஆகப்போகிறது? பையை மாட்டிக்கொண்டு கதவு வரைக்கும் போய்விட்டேன். அந்தப் பெயரே மண்டையில் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு பெயரையே கேள்வியாக வைத்தவன், அதற்கு மேல் ஸ்கூட்டர் நம்பரையா பூட்டாகப் போடுவான்? திரும்பி வந்தேன்.

"கோதை, அவன் போன் பண்ணி இப்பிடிக் கேட்டா நீ இன்னாம்மா சொல்லுவ?"

"இன்னா சொல்றது? 'சாப்டேங்க'ன்னு சொல்லுவேன்."

"அதையே அடி."

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாக, ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடித்தாள். கடைசியில் விரல் கொஞ்சம் நின்றது. அழுத்தினாள்.

'ஐபி முகவரி பெறப்படுகிறது' என்று வந்தது. இந்த வரியை என் தொழிலில் எத்தனை ஆயிரம் முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அன்றைக்கு மட்டும்தான் அதைப் பார்த்து பிஸ்மில்லா சொன்னேன்.

இணைந்துவிட்டது.

அவள் அழவில்லை. போனை மேஜையில் வைத்து, அது விழுந்துவிடும் போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். என் போனிலும் அந்தப் பெயர் தெரிந்துகொண்டிருந்தது. நான் அதைத் தொடவில்லை. கேள்வி என்னைக் கேட்டது இல்லையே.

"அவருகிட்ட பொய் சொல்லிட்டேண்ணா," என்றாள். "சாமி வருதுன்னு நான் இன்னும் சாப்புடவே இல்ல."

மேஜைக்கடியிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்தாள். தயிர் சாதம், மாவடு. மூடியில் பாதியை வைத்து என் பக்கம் தள்ளினாள்.

"நீங்களும் உக்காருங்க. உங்களயும்தான தெனம் கேப்பாரு."

கேட்பான். அவன் போன பிறகு என்னை யாரும் கேட்டதில்லை. உட்கார்ந்தேன். சாப்பிட்டேன்.